குழித்துறை அஜிதா, வயது இருபத்தாறு

பெமிலா மூன்று மாதத்துக்கு முன்பே விடுப்பு கேட்டுவிட்டாள். தக்கலையில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் அவளுக்கு டிசைனர் வேலை. கல்யாண வாழ்த்து, சபை ஆண்டுவிழா, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் அவள் கணினி வழியாகத்தான் வெளியே போகும். கடை முதலாளி முருகதாஸ் காலண்டரைப் பார்த்தார்.

“வெள்ளியும் சனியும் எதுக்கு பிள்ளே? வீட்டுல விசேஷமா?”

“காமிக்ஸ் மேளா அண்ணே. ஆரல்வாய்மொழி பக்கம் ஒரு எஞ்சினியரிங் காலேஜுல. மூணு நாளு.”

“அது சின்னப் பிள்ளேளு பாக்கியது இல்லியா?”

“நானும் பாப்பேன்,” என்றாள் பெமிலா.

அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். சென்னையிலும் பெங்களூரிலும் நடக்கும் மேளாக்களை அவள் வருடம் தவறாமல் கைபேசியில் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். சொந்த மாவட்டத்துக்கே ஒன்று வருகிறது என்றதும், எந்த நாள் எந்த அரங்கில் என்ன நிகழ்ச்சி என்று அட்டவணை போட்டு, படுக்கைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை வடசேரியில் பஸ் ஏறும்போதே கொண்டாட்டம் தொடங்கிவிட்டது. அட்டையில் செய்த கவசத்தோடு ஒருவன் படியேற முடியாமல் பக்கவாட்டில் நுழைந்தான். “எலே, உனக்கு ரெண்டு டிக்கெட் எடுக்கணும்,” என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. நீல முடி வைத்த இரண்டு பெண்கள் தங்கள் ஸ்பாஞ்சு வாள்களை மடியில் குழந்தைகளைப் போலப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் சுற்றின. ஆனி மாதம். கணவாய் வழியாக வரும் காற்று பஸ்ஸையே ஒரு பக்கம் தள்ளிப் பார்த்தது.

கல்லூரியில் மூன்று பெரிய அரங்குகள். வாசலில் மணிக்கட்டில் காகிதப் பட்டை கட்டி உள்ளே விட்டார்கள். முதல் அரங்கில் நூற்றுக்கணக்கான மேசைகள். தங்கள் படங்களை விற்கும் ஓவியர்கள், ஸ்டிக்கர், சாவிக்கொத்து, பொம்மை, பழைய காமிக்ஸ் கட்டுகள். இரண்டாம் அரங்கில் கேம்களும் வினாடி வினாவும். மூன்றாவதில் மேடை, ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் வேடப் போட்டி. பெமிலா ஒவ்வொரு மேசையிலும் நின்றாள். திருநெல்வேலியிலிருந்து வந்த ஓர் ஓவியனோடு அரை மணி நேரம் பேனா முனைகளைப் பற்றிப் பேசினாள். டப்பிங் கலைஞர் ஒருவர் ஒரே மூச்சில் ஏழு குரலில் பேசிக்காட்டியதைக் கேட்டுக் கை வலிக்கத் தட்டினாள். மதியம் பழம்பொரியும் சாயாவும் வாங்கிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தபோது, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு தான் முழுசாகச் சந்தோஷமாக இருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

மூன்று மணி இருக்கும். முதல் அரங்கின் கதவு காற்றில் படாரென்று திறந்தது. மேசைகளிலிருந்து காகிதங்கள் பறந்தன. ஆட்கள் கத்திக்கொண்டு அவற்றைப் பிடிக்க ஓடினார்கள். திறந்த கதவின் வெளிச்சத்தில் ஓர் உருவம் நின்றது.

முகம் முத்துச்சிப்பியின் உட்புறம் போல மினுங்கியது. அதில் கண்கள் உண்டு, வாய் இல்லை. தோளிலிருந்து தரை வரை கறுப்பு மீன்வலை, அதில் சோழிகள். நெஞ்சில் ஒரு பொந்து, பொந்துக்குள் ஆரஞ்சு நிறத்தில் எரியும் விளக்கு. ஒரு காலில் செருப்பு, மறுகால் வெறுங்கால்.

பெமிலாவின் கையிலிருந்த பை கீழே விழுந்தது.

அது மூவந்தி. மூவந்தியை உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி பெமிலா. இன்னொருத்தி அஜிதா. அஜிதா இறந்து எட்டு வருடம் ஆகிறது.

அவர்கள் இருவரும் மார்த்தாண்டத்தில் ஒரே பள்ளியில், ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். அஜிதாவின் வீடு குழித்துறையில். அவள் வரைவாள். பெமிலா கதையும் பேச்சும் எழுதுவாள். அந்தி நேரத்துக்கு அவர்கள் வீடுகளில் சொல்லும் பெயர்தான் மூவந்தி. அந்த நேரத்தில் முட்டத்துப் பாறைகளில் கடலிலிருந்து ஏறி வந்து, வீடு திரும்பாதவர்களைத் தேடி அலைகிற ஒருத்தி. ஒரு செருப்பைக் கடல் கொண்டுபோய்விட்டது. வாய் வேண்டாம் என்று சொன்னது பெமிலா. அப்படி நான்கு நீள நோட்டுகள் நிறைந்தன. யாரிடமும் காட்டியதில்லை. பெரியவர்களான பிறகு புத்தகமாகப் போடலாம் என்று இருந்தார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து பெமிலா நாகர்கோவிலில் கல்லூரி சேர்ந்தாள். அஜிதாவுக்குக் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்த காய்ச்சல், பிறகு இரத்தத்தில் உள்ள கோளாறு என்று ஆனது. நெய்யூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெமிலாவின் வீட்டிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தால் பத்து நிமிடம். அஜிதா அங்கே இரண்டரை மாதம் கிடந்தாள்.

‘ஏட்டி, எப்பம் வருவ? கதை பாதியில நிக்கு’ என்று அவளிடமிருந்து செய்தி வரும். ‘பரீட்சை முடியட்டு, வாறேன்’ என்று பெமிலா பதில் போடுவாள். மூன்று முறை ஆஸ்பத்திரி வாசல் வரை போயிருக்கிறாள். முடி எல்லாம் கொட்டிப்போயிருக்கும் என்று ஒரு தோழி சொன்னது காலைப் பிடித்துக்கொள்ளும். முதல் தடவை உள்ளே போகாததற்கு அந்தப் பயம் காரணம். அடுத்த இரண்டு தடவையும் போகாததற்கு, முதல் தடவை போகாததே காரணமாகிவிட்டது. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? நான்காம் தடவை போக வேண்டியிருக்கவில்லை. சாவு வீட்டில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பினாள். வாசல் வரை போனதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அந்த உருவம் மேசைகளுக்கு நடுவே நடந்தது. பெமிலா பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். ஓடவும் பயமாக இருந்தது, விடவும் பயமாக இருந்தது. இரண்டாம் அரங்கில் வினாடி வினாவுக்காகக் கூடியிருந்த கூட்டத்துக்குள் விளக்கு ஒரு முறை மினுங்கி மறைந்தது. அரங்கு கலையும் வரை தேடினாள். இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ராஜபாயிடம் கேட்டாள். “அம்மா, அஜிதாவுக்க சாமானெல்லாம் எரிச்சாவண்ணு சொன்னது உள்ளதா?”

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றது. “அந்தப் பிள்ளைக்க பேர இப்பம் எதுக்கு எடுக்கிய? அவளுக்க அப்பன் எல்லாத்தையும் ஆத்தங்கரையில கொண்டுபோயி தீ வச்சாருண்ணுதான் எல்லாரும் சொன்னாவ.”

“நோட்டையும் கூடியா?”

“எல்லாத்தையும்ண்ணா எல்லாத்தையுந்தான்.”

மறுநாள் பெமிலா அட்டவணையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். வாசல் திறக்கும் முன்பே வரிசையில் நின்றாள். உள்ளே போனதும் எந்த மேசையையும் பார்க்கவில்லை. இருநூறு வேடங்கள் அவளைக் கடந்து போயின. கொம்பு வைத்தவர்கள், சிறகு வைத்தவர்கள், இயந்திரக் கை வைத்தவர்கள். நேற்று அத்தனையும் அழகாக இருந்தது. இன்று ஒவ்வொரு முகமூடியின் பின்னாலும் யாரோ அவளைத் தெரிந்துகொண்டு மறைந்திருப்பதாகப் பட்டது. ஆளை நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். “வாயில்லாத முகமூடி, நெஞ்சுல லைட்டு, கண்டியளா?” சிலர் கைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினார்கள். படத்தில் விளக்கின் ஒளி பரவி முகம் வெறும் வெள்ளையாக விழுந்திருந்தது.

மத்தியானம் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் அது தனியாக நின்றது. ஒரு சின்னப் பெண் அதனோடு படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அது மிக மெதுவாக, முதுகு வலிப்பது போலக் குனிந்து, குழந்தையின் தலையைக் கையுறையால் தொட்டது. குழந்தை போன பின்பும் குனிந்தே இருந்தது.

பெமிலா நெருங்கினாள். அஜிதாவை விட உயரம். உயிரோடு இருந்திருந்தால் வளர்ந்திருப்பாள் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை. வலையின் தோள்பகுதியில் சிவப்பு நூலால் சின்னதாக ஓர் எழுத்துத் தையல். ‘அபெ.’ அஜிதா, பெமிலா. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் அவர்கள் போடும் முத்திரை.

“ஆரு நீ?” என்றாள். இன்னும் கிட்டப் போனாள். மறுபடி கேட்டாள். “ஆருண்ணு சொல்லு. நான் பெமிலா.”

உருவம் நிமிர்ந்தது. முத்து நிறக் கண்கள் அவள் முகத்தில் நின்றன. உள்ளே யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அது ஒரு கையை உயர்த்தி, வேண்டாம் என்பது போல ஆட்டிக்கொண்டே பின்வாங்கியது. வெறுங்கால் கல்லில் இடறியது. பிறகு திரும்பி, கட்டடத்தின் மூலையைச் சுற்றிப் போய்விட்டது. பெமிலாவால் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. உள்ளே போகாமல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோதும் கால்கள் இப்படித்தான் இருந்தன.

எப்பம் வருவ, எப்பம் வருவ என்று ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்த ஒருத்தி, இப்போது வந்தவளைப் பார்த்து வேண்டாம் என்கிறாள். அன்று மாலை முழுவதும் அதுதான் மனதில் ஓடிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு மேளாவுக்குப் போனாள். மேடை அரங்கில் வேடப் போட்டிக்குப் பெயர் பதியும் மேசையில் பிரீனா என்று அட்டை மாட்டிய கல்லூரி மாணவி இருந்தாள்.

“வாயில்லாத முகமூடி போட்ட ஆளு பேரு குடுத்திருக்கா?”

“அந்த லைட்டு வச்சதா? உண்டு அக்கா. சூப்பரா இருந்துல்லா. பேசவே இல்ல. பேப்பர்லதான் எழுதித் தந்தாங்க.” பிரீனா பட்டியலைத் திருப்பிக் காட்டினாள்.

முப்பத்தொன்றாவது பெயர். அஜிதா கி., குழித்துறை, வயது 26.

பெமிலா அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒரே வகுப்பு, ஒரே வருடம் பிறந்தவர்கள். இருபத்தாறுதான். கணக்கு சரியாக இருந்தது. அதுதான் அவளைக் குலுக்கிற்று.

“அக்கா, ஒரு மாதிரி இருக்கிய. தண்ணி வேணுமா?”

வேண்டாம் என்று சொல்லிவிட்டு அரங்கில் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். போட்டி தொடங்கியது. ஒவ்வொருவராக வந்து வாள் வீசினார்கள், ஆடினார்கள், வசனம் பேசினார்கள். கூட்டம் கூரை அதிரக் கத்தியது. பிறகு அறிவிப்பாளர் ஒலிவாங்கியில் கூப்பிட்டார்.

“அடுத்து, அஜிதா! குழித்துறை அஜிதா!”

மூவாயிரம் பேர் இருந்த அரங்கில் அந்தப் பெயர் நான்கு ஒலிபெருக்கிகளிலிருந்தும் வந்தது. பெமிலா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது மேடை விளக்குகளை அணைத்திருந்தார்கள். நெஞ்சு விளக்கு மட்டும் இருட்டில் மெல்ல நடந்து வந்து நடுமேடையில் நின்றது. கூட்டம் அடங்கியது.

“பயமா இருக்கே,” என்று அறிவிப்பாளர் சிரித்தார். “அஜிதா, இது எந்தக் கதையில வர்ற கேரக்டர்? பேரு என்ன?”

ஒலிவாங்கியை வாயில்லாத அந்த முகத்தின் முன்னால் நீட்டினார். உள்ளேயிருந்து மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. “சும்மா ஒரு டயலாக் சொல்லுங்க,” என்றார். பின் வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. உருவம் தலையை இடமும் வலமும் திருப்பியது. வீடு தெரியாமல் சந்தியில் நிற்பவரைப் போல இருந்தது.

பெமிலா எழுந்துவிட்டாள்.

“மூவந்தி!” என்று கத்தினாள். “அவளுக்க பேரு மூவந்தி!”

அரங்கு அவள் பக்கம் திரும்பியது. “எதுல வர்றாங்க?” என்றார் அறிவிப்பாளர்.

“நாங்க எழுதின கதையில.”

மேடையில் இருந்த முகமும் அவளைப் பார்த்தது. அடுத்த கணம் விளக்கு சரிந்தது. முழங்கால் மடங்கி உருவம் தரையில் உட்கார்ந்தது. இரண்டு பேர் ஓடிவந்து தாங்கி மேடைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். பெமிலா நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

மேடைக்குப் பின்னால் ஒரு வகுப்பறையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்திருந்தார்கள். பிரீனா பின்னந்தலையில் இருந்த கொக்கிகளைக் கழற்ற முடியாமல் திணறினாள். பெமிலா கைவைத்தாள். மூன்று கொக்கி. முகமூடி கழன்று வந்தது.

உள்ளே நரைத்த தலை, வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. சிவந்த, சவரம் செய்யாத, அறுபதை நெருங்கும் ஓர் ஆணின் முகம். அஜிதாவின் அப்பா கிருஷ்ணமணி. குழித்துறைச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்பவர். பள்ளி நாட்களில் அஜிதாவைக் கூட்டிப்போக வரும்போதெல்லாம் பெமிலாவுக்கும் ஒரு சீப்பு மட்டிப்பழம் கொண்டுவருவார்.

“மாமா,” என்றாள்.

“தண்ணி தா மோளே,” என்றார் அவர்.

ஒரு பாட்டில் முழுவதையும் குடித்தார். மயக்கம் தெளிந்துவிட்டது என்று தெரிந்ததும் பிரீனா மருத்துவக் குழுவினரை அழைத்து வருவதாகச் சொல்லிப் போனாள். அறையில் இருவர் மட்டும்.

“மூணு நாளா நான் உங்க பின்னால நடக்கேன் மாமா. நேத்து பேரு சொன்னேனே. எதுக்கு ஓடினிய?”

கிருஷ்ணமணி கையுறைகளைக் கழற்றினார். விரல்கள் வெந்நீரில் கிடந்தவை போலச் சுருங்கியிருந்தன. “உன்னக் கண்டதும் என்ன செய்யண்ணு தெரியல்ல.” கையுறைகளை மடியில் வைத்தார். “ஆஸ்பத்திரியில கெடக்கும்போ அவ எல்லாம் வரச்சு வச்சிருந்தா. எவ்வளவு வலை, எத்தற சோழி, லைட்டு எப்பிடி வைக்கணும்ண்ணு. நம்ம ஊருக்கு மேளா வந்தா இதப் போட்டுட்டு நடப்பேன்ண்ணு சொல்லுவா. வராதுண்ணு நினைச்சேன். வந்துட்டுல்லா.”

“எல்லாத்தையும் எரிச்சியண்ணு சொன்னாவ.”

“துணியத்தான் எரிச்சேன். நோட்ட அவளுக்க அம்மை பகவதி அரிசிப் பானையில ஒளிச்சு வச்சிருந்தா. ரெண்டு வருஷம் கழிச்சுதான் எனக்குக் காட்டினா.” முகமூடியைத் திருப்பிப் பார்த்தார். “வள்ளத்துக்கு ஃபைபர் அடிக்கிய ஒரு முட்டத்துக்காரன்கிட்ட சொல்லி இதச் செய்தேன். எட்டு மாசம் ஆச்சு. பகவதி போடமாட்டேன்னுட்டா. பின்ன ஆரு போடுவா? பேரு கேட்டப்போ என் பேரையா எழுதுவேன்?”

பெமிலா தரையில் உட்கார்ந்தாள். எட்டு வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். “மாமா, நான் அவளப் பாக்க வரல்ல. ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் வந்தேன். மூணு வாட்டி. உள்ள வரல்ல.”

“தெரியும்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“சாயா வாங்க எறங்கினேன். நீ பச்சைச் சுரிதாரு போட்டு கேட்டுப் பக்கத்துல நிக்கிய. வருவாண்ணு பாத்துட்டு நின்னேன். நீ திரும்பிப் போன. நான் விளிக்கல்ல.” அவர் குரல் தாழ்ந்தது. “எனக்கு அப்பம் உன்மேல ஒரு ஆங்காரம். போவட்டும்ண்ணு நினைச்சேன். ஒரு விளி விளிச்சிருக்கலாம்.”

“விளிச்சிருந்தா ஓடியிருப்பேன் மாமா,” என்றாள் பெமிலா. அது உண்மை. வேறு எதையும் அவரிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

அவர் தலையாட்டினார். “நான் மேல போனப்போ அவ கேட்டா, பெமி வந்தாளாண்ணு. டெய்லி கேப்பா. அண்ணைக்கு நான் சொன்னேன், வந்தா, நீ உறங்கிட்டிருந்த, எழுப்ப வேண்டாம்ண்ணு போயிட்டாண்ணு. கேட்டு வரைக்கும் வந்தாதானே, முழுக் கள்ளம் ஒண்ணும் இல்லியேண்ணு நினைச்சுக்கிட்டேன். அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பிறகும் ரெண்டு மூணு வாட்டி அதத்தான் சொன்னேன்.”

மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது. வெளியே யாரோ பரிசு வாங்கினார்கள். கைதட்டல் கேட்டது.

“அதுக்குப் பிறகு அவ பகல்ல உறங்கமாட்டேன்னுட்டா,” என்றார் கிருஷ்ணமணி. “பெமி வரும்போ நான் முழிச்சிருக்கணும்ண்ணு. ராத்திரி வலியில உறக்கம் கெடையாது. பகல்லதான் கொஞ்சம் கண்ணடைக்கும். அதையும் விட்டா. கண்ணு செருகும், கைய நுள்ளிக்கிடுவா. டாக்டரு சொன்னாரு, சிஸ்டர் சொன்னாவ. கேக்கல்ல. கடைசி பத்து நாளு அப்பிடித்தான். நான் சொன்னது கள்ளம் பிள்ளே, நீ உறங்குண்ணு சொல்ல எனக்கு வாய் வரல்ல.”

பெமிலா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை வரவில்லை. குளிர்தான் வந்தது. ஒரு கட்டிலில், ஒரு மொட்டைத் தலைப் பெண், வாசலையே பார்த்துக்கொண்டு தன் கையைத் தானே கிள்ளிக்கொள்வது தெரிந்தது. தான் பார்க்காத ஒன்று இப்படித் துல்லியமாகக் கண்முன் வரும் என்று அவளுக்குத் தெரியாது. அது இனிப் போகாது என்பது மட்டும் தெரிந்தது.

அவர் முகமூடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “அந்த மூவந்தி கடைசியில என்ன ஆவா? எனக்குக் கதை தெரியாது. அங்க நின்னு என்ன சொல்லண்ணு தெரியாம போச்சு.”

“எனக்கும் தெரியாது மாமா. நாங்க முடிக்கல்ல.”

“கடைசி ஏழு பக்கம் ஆஸ்பத்திரியில வரச்சது. பேச்சு எழுதணும்ண்ணு உள்ள வட்டமெல்லாம் ஒண்ணும் எழுதாம கெடக்கு. வீட்டுக்கு வா. மாமி ஒண்ணும் சொல்லமாட்டா.” பிறகு திருத்திக்கொண்டார். “சொன்னாலும் கேட்டுக்கோ.”

வலையையும் முகமூடியையும் இரண்டு சாக்கில் கட்டி அவருடைய டெம்போவில் ஏற்ற பெமிலா உதவினாள். பழவாசனை அடித்தது. காற்று வண்டியின் தார்ப்பாயைப் படபடவென்று அடித்தது. அவர் போன பிறகு அவள் மேளாவுக்குள் திரும்பிப் போகவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குழித்துறைக்குப் போனாள். பகவதி வாசலில் நின்றாள். மெலிந்து, எட்டு வருடத்தில் இருபது வருடம் கடந்தவளாக இருந்தாள். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் நான்கு நோட்டுகளை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள்.

“எனக்கு இத வாசிக்கத் தெரியல்ல,” என்றாள். “எந்தக் கட்டத்த முதல்ல வாசிக்கணும், எத பிறகு வாசிக்கணும்ண்ணு வெளங்கல்ல. அவரும் ஒரு மாதிரி வாசிச்சாரு. ஒண்ணோட ஒண்ணு சேரல்ல. நீ வாசி.”

பெமிலா வாசித்தாள். கட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டு, யார் பேசுவது, எங்கே நிற்கிறார்கள், ஏன் சிரிக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லி வாசித்தாள். பகவதி நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள். ஓர் இடத்தில், மூவந்தி பாறையில் வழுக்கி விழுந்து தன் செருப்புக்காகக் கடலோடு சண்டை போடும் இடத்தில், சட்டென்று சிரித்தாள். சிரித்துவிட்டு, “இது அவதான். செருப்பு வாங்கிக் குடுத்து மாளாது,” என்றாள். நான்கு நோட்டுக்கு நான்கு ஞாயிறு ஆனது.

கடைசி ஏழு பக்கங்களில் வீடோ கடலோ இல்லை. பாறையில் மூவந்தி உட்கார்ந்திருக்கிறாள். கோடுகள் நடுங்கியிருந்தன. பக்கத்துக்குப் பக்கம் விளக்கு சிறிதாகிறது, கண்கள் மட்டும் பெரிதாகின்றன. பாறைக்கு நடுவே, அங்கே இருக்க முடியாத ஒரு கதவு. பாதி திறந்திருக்கிறது. பேச்சுக்கான வட்டங்கள் எல்லாப் பக்கத்திலும் உண்டு. வட்டத்தின் வால் யார் பக்கம் நீள்கிறதோ அவர்தான் பேசுகிறார் என்று அர்த்தம். ஏழு பக்கத்திலும் அந்த வால் கதவுக்கு வெளியே நீண்டிருந்தது.

வருகிறவள்தான் பேச வேண்டும். மூவந்தி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“இதுல என்ன எழுதணும்?” என்று பகவதி கேட்டாள்.

பெமிலாவின் கையில் பேனா இருந்தது. எவ்வளவோ வார்த்தைகள் வந்தன. மன்னிப்பு கேட்கும் வார்த்தை, சமாதானம் சொல்லும் வார்த்தை, உறங்கு என்று சொல்லும் வார்த்தை. எட்டு வருடம் கழித்து, கேட்க ஆள் இல்லாத இடத்தில் எழுதினால் எல்லாமே இன்னொரு பொய்யாகிவிடும் என்று பட்டது.

“தெரியல்ல மாமி.”

பகவதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. அது போகவும் இல்லை.

“அப்பம் அப்பிடியே கெடக்கட்டும்,” என்றாள். நோட்டை மூடினாள். பெமிலா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. “அடுத்த ஞாயிறாழ்ச்ச வருவியா?”

“வாசிச்சு முடிஞ்சாச்சே மாமி.”

“முதல்லேருந்து வாசி.”

பெமிலா போனாள். ஐப்பசி மழையிலும் போனாள். கிருஷ்ணமணி சில நாள் வந்து உட்காருவார், பல நாள் சந்தையிலேயே இருந்துவிடுவார். கதை பகவதிக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. பெமிலா ஒரு வரியைத் தவறவிட்டால் சொல்லிக்கொடுப்பாள். ஆனால் ஏழு பக்கம் மிச்சம் இருக்கும்போது எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். அங்கே பாத்திரச் சத்தம் கேட்கும். பெமிலா அந்தப் பக்கங்களைத் தனியாக, ஒவ்வொன்றாக, வாய் திறக்காமல் திருப்புவாள்.